உப்புப் போட்ட ஐஸ்

பிள்ளைகள், நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியை என்னிடம் மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். பெரியவள் சாப்பிடும்போது கேட்டாள். சின்னவன் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு, என் முகம் தெரியாத நேரம் பார்த்துக் கேட்டான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டீர்கள். "ஏனப்பா அவளை அனுப்பினீங்கள்?"

மூன்று தரமும் "நீதிமன்றம் சொன்னது" என்றேன். அது முழுப் பொய்யில்லை. ஆனால் நீதிமன்றம் சொல்லுமுன் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். அதை உங்களுக்குச் சொல்லவேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு வேலிக்குக் கதியால் போடப் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழையைப் பெரியவள் திருத்தலாம். விஷயத்தைத் திருத்தவேண்டாம்.

அவள் பங்குனி மாதத்தில் வந்தாள். எட்டு வயது. உங்கள் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவளைப் பெற்றவள் எங்கள் நெடுந்தீவில் பிறந்தவள், இப்போது உயிரோடு இல்லை. தகப்பன் வேறு குடும்பமாகிவிட்டார். பட்டினத்தில் இரண்டு சிறுவர் இல்லங்கள் அவளை வைத்துப் பார்த்து, ஏலாது என்று கையை விரித்துவிட்டன. அவளுக்குச் சீனி வருத்தம். பெரிய ஆட்களுக்கு வருகிற, குளிசையோடு அடங்குகிற வருத்தமில்லை. அவளுடைய உடம்பில் இன்சுலின் சுரக்காது. காலையும் பின்னேரமும் ஊசி போட்டால்தான் உயிர். அம்மா தன் தாய்க்கு ஊசி போட்டுப் பழகியவள் என்பதும், பிள்ளை தீவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுததும் சேர்ந்துதான் எங்கள் வீட்டைத் தேடி வரவைத்தன.

கூட்டிவந்த நன்னடத்தை அலுவலர் மிஸ், குறிகட்டுவான் துறையில் படகு ஏறியதிலிருந்து சத்தி எடுத்து, எங்கள் வாசலில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளை ஒன்றும் நடவாதவள்போலப் பக்கத்தில் நின்றாள்.

"ஆருக்கு வருத்தம் எண்டு சொன்னவை?" என்று அம்மா கேட்டா.

"மிஸ்ஸுக்கு," என்றாள் பிள்ளை. எங்கள் வீட்டில் அவள் சொன்ன முதல் சொல் அதுதான்.

மிஸ் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னா. "அண்ணை, மறைக்காமல் சொல்லுறன். ஊசி போட விடாள். கடிப்பாள். சாப்பாட்டை ஒளிச்சு வைப்பாள். ரெண்டு தரம் மதிலால பாய்ஞ்சு ஓடினவள். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ. பின்னேரப் படகில கூட்டிக்கொண்டு போறன்."

"வந்த காலோட திருப்பி அனுப்பிறதே?" என்று அம்மா கேட்டா. "முதல் ஏதேன் சாப்பிடட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. நீதிமன்றம் எங்களைத் தகுந்த ஆட்கள் என்று சொல்லி ஒரு கட்டளை தந்தது. தவணைக்குத் தவணை பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து, எங்களோடு விடுவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். நாங்கள் விரும்பியது ஒன்றுதான். அவள் எங்களோடேயே இருந்துவிட வேண்டும். அம்மாவுக்கு அந்த விருப்பம் முதல் கிழமையே வந்துவிட்டது. எனக்கு ஆவணி வரைக்கும் எடுத்தது.

முதல் இரண்டு மாதமும் நான் பிடிக்க, அம்மா ஊசி போடுவா. என் மணிக்கட்டில் அவளுடைய பல் பட்ட இடம் இப்போதும் தெரியும். ஒரு நாளைக்கு நாலு தரம் விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மெசினில் எண் பார்க்கவேண்டும். எண் கூடினால் ஒரு பயம், குறைந்தால் வேறு பயம். தலையணைக்குக் கீழே பாண் துண்டு இருக்கும். சப்பாத்துக்குள் பிஸ்கட் இருக்கும். அம்மா சீனியையும் பனங்கட்டியையும் அலுமாரிக்கு மேல்தட்டில் ஏற்றிவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் வெறும் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினா.

"எனக்கென்ன வருத்தம்? எனக்கு ஏன் சீனி இல்லை?" என்று சின்னவன் கேட்டான்.

"ஒரு வீட்டில ரெண்டு தேத்தண்ணி ஊத்த எனக்கு ஏலாது. வேணுமெண்டா நீர் வேற வீடு பாரும்."

"பாக்கிறன். சீனி இருக்கிற வீடாப் பாக்கிறன்."

அதற்குப் பிள்ளை சிரித்தாள். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

ஆவணி மாதம் ஒரு நாள் கிணற்றடியிலிருந்து, "மாமா, வாளி விழுந்திட்டுது," என்று கூப்பிட்டாள். அதற்கு முன் அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பாதாளக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாளியை எடுக்க வெகுநேரம் பிடித்தது. பரவாயில்லை.

களைப்பைப் பற்றியும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் மிச்சம் விளங்காது. விடியமுன் எழும்பி அவளுடைய விரலைக் குத்துவேன். பிறகு மீன் வாடிக்கு வேலைக்குப் போவேன். வாடியில் நிற்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், எடுத்தவுடன் "எண் என்ன?" என்றுதான் கேட்பேன். கிளினிக் நாளில் முதல் படகு, பிறகு பஸ், பிறகு வரிசை, பிறகு பின்னேரப் படகைப் பிடிக்க ஓட்டம். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போதே திருவலையில் இருந்தபடி நித்திரையாகிவிடுவா. நானும் அம்மாவும் மெசின் எண்ணுக்காகச் சண்டை பிடித்தோம். "நீர் சோத்தைக் கூடப் போட்டிருப்பீர்." "நீங்கள் மருந்தைக் குறைய இழுத்திருப்பீங்கள்." உங்கள் பள்ளிக்கூடத்துக் கொப்பியை நான் அந்த வருசம் ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை. பெரியவளே, நீ அதைச் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும்.

கார்த்திகை மாதக் காற்றும் மழையும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படகு நின்றது. கரன்ற் நின்றது. குளிர்சாதனப் பெட்டிக்குள் அவளுடைய மருந்துப் போத்தல்கள் மூன்று இருந்தன. மருந்து சூடாகக்கூடாது என்று கிளினிக்கில் ஒவ்வொரு தரமும் சொல்வார்கள். அன்று பின்னேரம் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியில் இருந்த சூடுதான் உள்ளேயும்.

நான் பத்தொன்பது வருசம் மீனுக்கு ஐஸ் போடுகிறவன். எனக்கு இந்த உலகத்தில் ஒழுங்காகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். வாடிக்குப் போனேன். படகு நிற்குமுன் வந்த ஐஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மீன் அடுக்குகிற சின்ன றெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஐஸை நொறுக்கி, அடியில் ஒரு படை போட்டு, போத்தல்களைப் பொலித்தீனில் சுற்றி நடுவில் வைத்து, மேலும் ஒரு படை போட்டேன். பிறகு உப்பைத் தூவினேன். வெறும் ஐஸ் மீனைக் குளிராக வைத்திருக்கும். உப்புப் போட்ட ஐஸ் மீனைக் கல்லுப்போல இறுக்கிவிடும். கொழும்புக்குப் போகிற நல்ல அறக்குளா மீனுக்கு மட்டும்தான் அப்படிச் செய்வோம். அவளுடைய மருந்துக்குச் செய்தேன்.

வாடியில் நின்ற பெடியன் ஒருவன், "என்ன அண்ணை, இப்ப மீனுக்கும் ஊசி போடுறியளோ?" என்றான்.

"ஓம். உனக்கும் ஒண்டு போடட்டே?" என்றேன். எனக்கு அன்று மனம் நல்லாக இருந்தது. அந்தப் பிள்ளைக்காக என் கையாலேயே ஒன்றைச் செய்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை போத்தலை எடுத்தபோது கட்டியாக இருந்தது. கையில் வைத்து உருட்டிக் கரைத்தேன். கலங்கலான மருந்து அது, உருட்டித்தான் போடவேண்டும். இந்தமுறை கண்ணாடியில் சின்னச் சின்னப் பொடிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. இன்னும் கொஞ்சம் உருட்டினேன். போய்விட்டன என்று நினைத்தேன். உங்கள் அம்மாவிடம் காட்டவில்லை.

இரண்டாம் நாள் மெசினில் எண் ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள் இன்னும் ஏறியது. மருந்து ஒழுங்காகப் போடுகிறோம், சோறு அளந்து கொடுக்கிறோம், பிறகு எப்படி ஏறும்? அம்மா அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தா. பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டான் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. ஒரு துண்டு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் எழுதுகிறேன். அவளுடைய பள்ளிக்கூடப் பையை உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கொட்டினேன். பாயை உதறினேன். பழைய பாண் துண்டு இரண்டு கிடைத்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

"பனங்கட்டி எடுத்தனியோ?"

அவள் சிதறிக் கிடந்த கொப்பிகளைப் பொறுக்கினாள்.

"உன்ர உயிருக்கெண்டுதான் கேக்கிறன். எடுத்தனியோ இல்லையோ?"

மூன்றாம் தரம் நான் சத்தம் போட்டேன். அப்போது அவள் என் முகத்தைப் பார்த்து, "ஓம்," என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது. அலுமாரியைப் பூட்டினால் சரி, எண் இறங்கும் என்று நினைத்தேன். அன்றே தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்கவேண்டிய பிள்ளையை இன்னொரு நாள் வீட்டில் வைத்திருந்தேன். அவள் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தாள். பனங்கட்டி தின்றால் அப்படித்தான் என்று சொன்னேன்.

அடுத்த நாள் பின்னேரம் சத்தி. பிறகு நாய் இளைக்கிற மாதிரி மூச்சு. வாயிலிருந்து பழுத்து அழுகின பழத்தின் மணம். மெசின் எண்ணே காட்டவில்லை, தன்னால் அளக்க முடியாது என்று இரண்டு எழுத்தைக் காட்டியது. தீவு ஆசுபத்திரி டொக்டர் பார்த்தவுடன் சேலைன் ஏற்றி, பட்டினத்துக்கு அனுப்ப அவசரப் படகு கேட்டார். காற்று அப்போதுதான் குறைந்திருந்தது. படகில் அம்மா அவளை மடியில் வைத்திருந்தா. நான் மருந்துப் பெட்டியைப் பிடித்திருந்தேன். வாடியில் கடைசியாக மிஞ்சின ஐஸ், புது உப்பு.

பட்டினத்துப் பெரிய ஆசுபத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, ஒரு தாதி மிஸ் வெளியே வந்து, "என்ன மருந்து போட்டனீங்கள்? போத்தல் இருக்கே?" என்று கேட்டா. பெட்டியைக் கொடுத்தேன். நல்லாகப் பொதி செய்திருக்கிறேன் என்று சொல்லுவா என்று நினைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தா. போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தா.

"ஆர் இதை ஐசுக்குள்ள வைச்சது?"

"நான்தான் மிஸ்."

"இது உறைஞ்சு போச்சுது, ஐயா. உறைஞ்ச மருந்து திரும்பக் கரைஞ்சாலும் வேலை செய்யாது. தண்ணியைப் போட்ட மாதிரித்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்தா. "கரன்ற் இல்லாட்டி ஒரு மண்பானைக்குள்ள, ஈரத்துணி சுத்தி, நிழல்ல வைச்சாலே காணும். ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

சொல்லித் தந்தார்களோ இல்லையோ, நான் கேட்கவில்லை. குளிரைப் பற்றி நான் ஆரிடம் கேட்பது? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நாலு நாள் அவள் மருந்து மாதிரி இருந்த தண்ணீரைத்தான் ஊசியாக வாங்கினாள். கடிக்காமல் வாங்கினாள்.

ஆசுபத்திரியில் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து நன்றாகக் கதைத்தாள். அம்மா முகம் கழுவப் போன நேரம் நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, நீ பனங்கட்டி எடுக்கேல்லை," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

"பிறகேன் ஓம் எண்டனி?"

அவள், மாமாவுக்கு இதுவும் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "ஓம் எண்டா விட்டிடுவினம்."

பனங்கட்டி எடுத்தது ஆர் என்று சின்னவன் பிறகு அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னான். உன்னை ஏசுவதற்காக இதை எழுதவில்லை, மகன். உன் வீட்டுப் பனங்கட்டியை நீ எடுத்தாய். அதுக்கும் அவளுடைய எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எண்ணை ஏற்றியது என் ஐஸ்.

அந்தக் கிழமை நன்னடத்தை மிஸ் ஆசுபத்திரிக்கு வந்தா. நான் ஐஸையும் உப்பையும் பையைக் கொட்டினதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ எழுதினா, பிறகு பேனையை மூடினா.

"அண்ணை, பிழை எல்லாரும் விடுறதுதான். டொக்டரும் சொல்லுறார், சரியாப் பழக்கினா திரும்ப உங்களோட விடலாமாம். ஆனா இன்னொரு வழியும் வந்திருக்கு. பட்டினத்தில ஒரு ரிட்டையர் ஆன தாதி, தனிய இருக்கிறா. ஆசுபத்திரிக்குப் பத்து நிமிசம். இப்பிடிப் பிள்ளையளை வைச்சுப் பாத்துப் பழக்கம் உள்ளவ. மார்கழித் தவணைக்கு நான் அறிக்கை குடுக்கவேணும். நீங்கள் வைச்சிருக்கிறம் எண்டா அப்பிடியே எழுதுறன். என்ன சொல்லுறியள்?"

அம்மா என்னைப் பார்த்தா. அம்மாவின் பதில் முகத்தில் இருந்தது. வைத்திருக்கிறோம் என்பதுதான் அது.

நான், "ஏலாது மிஸ்," என்றேன்.

ஏன் சொன்னேன்? இதைப் பல தரம் யோசித்தேன். அடுத்த மாரி மழைக்கும் படகு நிற்கும். எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சு, காற்றுக் குறையட்டும் என்று காத்திருக்காது. அது நல்ல காரணம், அதை அம்மாவுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லலாம். ஆனால் அது மட்டும் இல்லை. அவளுடைய கட்டில் பக்கத்தில் மூன்று நாள் இருந்தபோது, விரல் குத்துவதும் எண் பார்ப்பதும் வேறு யாரோ செய்தார்கள். முதல் தரமாக அந்த வருசத்தில் நான் போனைப் பார்க்காமல் இருந்தேன். மிஸ் கேட்டபோது அந்த ஆறுதல் என் உடம்புக்குள் இருந்தது. வாய் திறந்தது அதுவாகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. அவளுடைய நன்மைக்காக மட்டும் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வளர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மா படகில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்," என்றா. உண்மை. கேட்டிருக்கலாம்.

மார்கழித் தவணையில் நீதிமன்றம் மிஸ் எழுதினபடியே சொன்னது. அவளுடைய உடுப்புகளையும் பள்ளிக்கூடக் கொப்பிகளையும் கொண்டுபோய்க் கொடுக்க நான் தனியத்தான் போனேன். அம்மா வரவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

தாதியம்மா நல்ல மனுசி. அறுபது வயது இருக்கும். கதிரை தந்து, தேத்தண்ணி தந்தா. ஆசுபத்திரிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தா. பிள்ளை கதவுப் பக்கம் நின்றாள்.

"மாமா, படகு விட்டிடும்," என்றாள்.

"இன்னும் நேரம் கிடக்கு."

"இல்லை. விட்டிடும். போங்கோ."

தலையைத் தடவப் போனேன். அவள் கடிக்கவில்லை, விலகவும் இல்லை. சும்மா நின்றாள். நான் போய்வாறன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு கொப்பித் தாளும் கடித உறையும் வாங்கினேன். அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருந்து, மடியில் வைத்து எழுதினேன். ஆசுபத்திரிக் கொப்பியில் இல்லாதது சிலது இருந்தது.

அவளுக்கு இடது தொடையில் போட்டால் நோவு குறைவு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவேண்டாம், எண்ணினால் மூன்றுக்குப் பயந்து முதலிலேயே இறுகிவிடுவாள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உடனே போடுங்கோ. இரவில் கதவை முழுக்கச் சாத்தவேண்டாம். சீனி குறைந்தால் அவள் சொல்லமாட்டாள், நடுங்கவும் மாட்டாள். திடீரென்று சொன்னதெல்லாம் கேட்கிற பிள்ளையாக மாறிவிடுவாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று சந்தோசப்படாமல் உடனே விரலைக் குத்திப் பாருங்கோ. சத்தம் போட்டுக் கேட்டால் எதுக்கும் ஓம் என்பாள். அந்த ஓமை எடுக்கவேண்டாம்.

இன்னும் இருந்தது. தாள் முடிந்துவிட்டது.

திரும்ப அந்தத் தெருவுக்கு நடந்தேன். தாதியம்மா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. கேற்றில் ஒரு தகரக் கடிதப் பெட்டி இருந்தது. கூப்பிடவில்லை. கடிதத்தை உள்ளே விட்டுவிட்டு, மூடி சத்தம் போடாமல் விரலால் பிடித்து மெதுவாக இறக்கினேன். பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன்.